குழாயைத் திறந்து காட்டுங்கள்: வீடியோ மூலம் ரியல் எஸ்டேட் வாடிக்கையாளர்களைப் பெறுவது எப்படி?

வீடு தேடுகிறவர் முகவரை அழைப்பதற்கு முன்பே பாதி முடிவு எடுத்துவிடுகிறார். வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு போனில் தேடுகிறார்கள். எந்தப் பகுதி நல்லது, கடன் எவ்வளவு கிடைக்கும், இந்த விலை நியாயமா, யாரை நம்பலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் முகமும் குரலும் அவர்கள் முன் இருந்தால், மறுநாள் காலை அழைப்பு உங்களுக்கு வரும். வீடியோ நமக்குச் செய்து தரும் வேலை இதுதான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக, எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்று வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் நான் உறுதியாக நம்பும் விஷயம் ஒன்று உண்டு. வாங்குபவர் கேட்கத் தயங்கும் கேள்விக்கு, அவர் வாய் திறப்பதற்கு முன்பே பதிலைக் காட்டுகிற முகவரைத்தான் ஆட்கள் தேடி வருகிறார்கள்.

முதலில் ஒரு வரி எழுதுங்கள்

பெர்சனல் பிராண்டிங் என்றதும் லோகோ, நிறம், கோட் போட்ட போட்டோ என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பெயரைச் சொன்னதும் கேட்பவர் மனதில் வரும் ஒரு வரி இருக்கிறதே, அதுதான் உங்கள் பிராண்ட். அந்த வரியை நீங்களே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எந்தப் பகுதி, எந்த மாதிரி சொத்து, யாருக்காக என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "வீடு, மனை, கடை, வாடகை, விற்பனை எல்லாம் செய்து தருகிறேன்" என்றால் யாருக்கும் நினைவில் நிற்காது. "இந்த மூன்று தெருக்களைச் சுற்றி, முதல் வீடு வாங்கும் குடும்பங்களுக்கு" என்றால் நிற்கும். மற்ற வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போய்விடுவார்களே என்று புதியவருக்குப் பயம் வருவது இயல்பு. போகமாட்டார்கள். வீட்டு விஷயத்தில் உங்களை நம்பியவர், தன் தம்பிக்குக் கடை தேடும்போதும் உங்களிடம்தான் கேட்பார்.

அந்த வரி முடிவானதும் பெயரை ஒழுங்கு செய்யுங்கள். யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே போட்டோ, ஒரே தொடர்பு எண். போட்டோவில் முகம் பெரிதாகத் தெரியட்டும். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். நேரில் சந்திக்கும்போது "வீடியோவில் பார்த்த அதே ஆள்" என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். பல நாடுகளில் முகவர்கள் உரிமம் பெற வேண்டும் அல்லது பதிவு செய்ய வேண்டும். விளம்பரத்திலும் அந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்ற விதி சில இடங்களில் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் விதி என்ன என்று முதல் வீடியோவுக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். விதி கேட்காவிட்டாலும் எண் இருந்தால் போடுங்கள். பார்ப்பவருக்கு அது ஒரு பிடிமானம்.

என்ன பேசுவது?

"பேச விஷயமே இல்லையே" என்பவர்களிடம் நான் சொல்லும் வழி எளிது. உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசியாகப் பேசிய 20 வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். "முன்பணம் கொடுத்த பிறகு லோன் கிடைக்கலைன்னா பணம் திரும்ப வருமா?" என்று ஒருவர் கேட்டிருந்தால், அதுவே உங்கள் வீடியோவின் தலைப்பு. அந்தப் பயம் அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததில்லை. அப்புறம் யூடியூப் தேடல் பெட்டியில் உங்கள் பகுதியின் பெயரைத் தட்டச்சு செய்து பாருங்கள். கீழே வரிசையாக வரும் பரிந்துரைகள், மக்கள் உண்மையில் தேடும் சொற்களைக் காட்டும்.

வாடிக்கையாளரே இல்லாத முழுப் புதியவர் என்றால், சமீபத்தில் வீடு வாங்கிய ஐந்து பேரிடம் போய் உட்கார்ந்து, "வாங்கும்போது எது உங்களைத் தூங்கவிடாமல் செய்தது?" என்று கேளுங்கள். நோட்டு நிறைந்துவிடும்.

முதல் பத்து வீடியோக்களில் ஐந்து இப்படிக் கேள்வி-பதிலாக இருக்கட்டும். மூன்றில் உங்கள் பகுதியை நடந்து காட்டுங்கள்: காலையில் போக்குவரத்து எப்படி, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு தூரம், மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், பார்க்கிங் எங்கே கிடைக்கும். மழையில் குடையோடு போய் எடுத்த ஒரு தெரு வீடியோவுக்கு இருக்கும் மதிப்பு, ட்ரோனில் எடுத்த பத்து காட்சிகளுக்குக் கிடையாது. மீதி இரண்டு, வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோக்கள்.

சொந்தமாக விற்க வீடு கையில் இல்லாமலே முதல் எட்டு வீடியோக்களையும் எடுத்துவிடலாம் என்பதைக் கவனியுங்கள். "லிஸ்டிங் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கிறேன்" என்று காத்திருக்கத் தேவையே இல்லை.

கருவிகள்

போன் போதும். முதலில் செலவு செய்ய வேண்டியது ஒலிக்கு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் உடனே தள்ளிவிடுவார்கள். காலி வீட்டில் குரல் சுவரில் மோதித் திரும்பி, கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். சட்டையில் குத்தும் ஒரு சின்ன மைக், மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருந்தால் அந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அடுத்து ஒரு ட்ரைபாட். நடந்து எடுக்கும்போது படம் ஆடாமல் இருக்க கிம்பல் என்ற கைப்பிடிக் கருவி உதவும், ஆனால் அதைக் கொஞ்ச நாள் கழித்து வாங்கினாலும் நஷ்டமில்லை.

எடுப்பதற்கு முன் லென்ஸைத் துணியால் துடையுங்கள். பாக்கெட்டில் இருந்த போனின் லென்ஸில் விரல் ரேகை எப்போதும் இருக்கும். விளக்கைச் சுற்றிப் பனி படர்ந்தது போல வருவதற்கு அதுதான் காரணம். திரையில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யாவிட்டால் ஜன்னலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அறை இருண்டு வெளுக்கும். விளக்குகள் படபடவென மின்னுவது போலத் தெரிந்தால் அது மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு வரும் சிக்கல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் விநாடிக்கு 25 ஃபிரேமும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 30 ஃபிரேமும் வைத்துப் பாருங்கள்.

வீட்டைச் சுற்றிக் காட்டுவது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரும்பாலான ஹவுஸ் டூர் வீடியோக்களில் இசை ஓடும், கேமரா மிதக்கும், மார்பிள் பளபளக்கும். பார்த்து முடித்தவருக்கு அந்த வீட்டைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்காது.

நேரில் வருகிறவர் எப்படி நடப்பாரோ அதே வரிசையில் நடங்கள். தெருவில் ஆரம்பியுங்கள். வண்டி நிறுத்தும் இடம், வாசல், படிக்கட்டு அல்லது லிஃப்ட், பிறகு கதவு. வாசலில் இருந்து ஒரே தாவலாகப் படுக்கையறைக்குப் போனால், எந்த அறை எதை ஒட்டி இருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியாது. கேமராவை நெஞ்சு உயரத்தில், படுக்கை வாட்டில் பிடியுங்கள். ஒவ்வோர் அறையிலும் முதலில் மூலையில் நின்று முழு அறையை நிதானமாகக் காட்டி, பிறகு விவரத்துக்குப் போங்கள்.

அந்த விவரங்களில்தான் உங்கள் கை தெரிய வேண்டும். குளியலறைக் குழாயைத் திறங்கள். தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று ஐந்து விநாடி காட்டுங்கள். அலமாரியின் கதவைத் திறந்து ஆழத்தைக் காட்டுங்கள். டேப்பை எடுத்துச் சுவரில் பிடித்து, "கட்டில் இங்கே போடலாம், போட்ட பிறகு நடக்க இரண்டரை அடி மிச்சம்" என்று சொல்லுங்கள். சதுர அடிக் கணக்கைக் கேட்டு யாருக்கும் அறை கண்முன் வராது. கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருக்கிறதா என்றால் வரும். ஃபிரிட்ஜ் படிக்கட்டில் ஏறுமா என்பதையும் அளந்து சொல்லுங்கள். எந்த ஜன்னல் எந்தத் திசை, மதிய வெயில் எந்த அறையில் விழும் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று செய்யுங்கள். படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிட்டு, பேசாமல் பத்து விநாடி நில்லுங்கள். இசையும் வேண்டாம். வெளியே வண்டிச் சத்தம் எவ்வளவு உள்ளே வருகிறது என்று பார்ப்பவர் தானே கேட்டுக்கொள்ளட்டும். பிறகு ஜன்னலைத் திறந்து இன்னொரு பத்து விநாடி. நான் எடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்கிறேன். என்னை அழைப்பவர்கள் அதிகம் குறிப்பிடுவது இந்த இருபது விநாடிகளைத்தான்.

குறையையும் காட்டுங்கள். ஒரு வீட்டில் இரண்டாவது படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் மூன்றடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பகலிலும் விளக்கு வேண்டும். அதை அப்படியே எடுத்துவிட்டு, வீடியோவை வெளியிடும் முன் உரிமையாளருக்கு அனுப்பினேன். அவர் முகம் வாடிவிட்டது. "இதை ஏன் காட்டணும், நேரில் வந்தா பார்த்துக்கப் போறாங்க" என்றார். "நேரில் வந்து பார்த்து முகம் சுளிச்சுட்டுப் போறவங்களுக்கு நீங்க எத்தனை தடவை கதவு திறப்பீங்க, சார்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து ஒப்புக்கொண்டார். அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு குடும்பங்கள்தான் பார்க்க வந்தன. வாங்கிய குடும்பத்தோடு வந்த பெரியம்மா அந்த அறையைப் பார்க்கக்கூட இல்லை. "அதுதான் இருட்டுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே தம்பி, அங்க சாமான் வச்சுக்கிறோம். சமையலறையைக் காட்டுங்க" என்றார். குறையைச் சொன்னதால் மற்ற எல்லாவற்றையும் அவர்கள் நம்பிவிட்டார்கள்.

இதே காரணத்தால் போன் கேமராவில் 0.5 என்று இருக்கும் அகலக் கோணத்தில் மொத்த வீட்டையும் எடுக்காதீர்கள். அந்த லென்ஸ் சின்ன அறையை மண்டபம் போலக் காட்டும். நேரில் வருபவர் வாசலிலேயே ஏமாந்துபோவார், அந்த ஏமாற்றம் வீட்டின் மேல் விழாது, உங்கள் மேல் விழும். குறுகிய குளியலறை போன்ற இடத்துக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள், பயன்படுத்தும்போது அளவையும் சொல்லிவிடுங்கள். காலி அறையில் கம்ப்யூட்டர் மூலம் சோபாவும் கட்டிலும் சேர்த்துக் காட்டினால், அது கற்பனைப் படம் என்று திரையிலேயே எழுதுங்கள்.

அனுமதி, மறைக்க வேண்டியவை

உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு தெளிவான செய்தியாவது இருக்கட்டும். ஆள் குடியிருக்கும் வீடு என்றால் குடும்பப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ், சாவி மாட்டும் இடம், பீரோ, கேமராக்கள் இருக்கும் இடம், கதவு எண், வண்டி எண் எதுவும் தெரியக் கூடாது. குடும்பம் எந்த நேரத்தில் வெளியே போகும் என்பதை வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். தெரியாமல் ஏதாவது படத்தில் வந்துவிட்டால், யூடியூப் ஸ்டூடியோவின் எடிட்டரில் அந்த இடத்தை மட்டும் மங்கலாக்கும் வசதி இருக்கிறது. ட்ரோன் பறக்க விடுவதற்குப் பல நாடுகளில் அனுமதியும் பதிவும் கட்டாயம். கேட்காமல் பறக்க விட வேண்டாம்.

பேச்சிலும் சில எல்லைகள் உண்டு. "இரண்டு வருஷத்தில் விலை இரட்டிப்பாகும்" என்று சொல்லாதீர்கள். அது யாருக்கும் தெரியாது. இன்ன சாதி, இன்ன மதத்தவர் மட்டும் என்று வடிகட்டும் பேச்சு உங்கள் வாயில் வரவே கூடாது. உரிமையாளர் வற்புறுத்தினால் அந்த வீட்டை எடுக்காமல் விட்டுவிடுங்கள். பத்திரத்தில் சந்தேகம் என்று யாராவது கமென்டில் கேட்டால், நடைமுறையை விளக்குங்கள், தீர்ப்புச் சொல்லும் வேலையை வழக்கறிஞரிடம் விடுங்கள்.

எடிட்டிங்கும் ஏற்றுவதும்

வணக்கம், சேனல் பெயர், சப்ஸ்கிரைப் செய்யுங்கள், பெல் பட்டனை அழுத்துங்கள் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் அதற்குள் போயிருப்பார்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயம் வரட்டும்: "இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது இரண்டு, பிடிக்காதது ஒன்று. பிடிக்காததில் இருந்து ஆரம்பிக்கிறேன்." உங்கள் அறிமுகத்தை அதற்குப் பிறகு ஐந்து விநாடியில் முடித்துக்கொள்ளலாம்.

எழுதி வைத்துப் படிக்காதீர்கள், கண் ஓடுவது தெரிந்துவிடும். சொல்ல வேண்டிய குறிப்புகளை மட்டும் சின்னத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் பேசி நிறுத்துங்கள். தடுமாறினால் கேமராவை நிறுத்தாமல் அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம். முதல் சில வீடியோக்களில் எல்லோருக்கும் குரல் நடுங்கும். லென்ஸுக்குப் பின்னால் உங்கள் அக்காவோ நண்பரோ நிற்கிறார், அவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார் என்று நினைத்துப் பேசுங்கள். பேச்சு தானாகத் தளர்ந்துவிடும். தமிழில் பேசினால் வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். செய்தி வாசிப்பவர் குரல் வேண்டாம்.

பிறகு கேப்ஷன், அதாவது பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வரிகள், போடுங்கள். பஸ்ஸிலும் அலுவலகத்திலும் ஒலி இல்லாமல் பார்ப்பவர்கள் நிறையப் பேர். தானாக வரும் தமிழ்க் கேப்ஷனில் எண்களும் இடப்பெயர்களும் பிழையாக வரலாம் என்பதால் ஒருமுறை படித்துத் திருத்துங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், பதிப்புரிமைச் சிக்கல் வரும். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவசமாக எடுத்துக்கொள்ள இசை இருக்கிறது.

யூடியூபில் ஏற்றும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். தலைப்புக்கு 100 எழுத்துகள்தான் எல்லை, பகுதியின் பெயரும் சொத்தின் வகையும் முன்னால் வரட்டும். சொந்தமாகத் தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்) போட வேண்டும் என்றாலும், 15 நிமிடத்துக்கு மேல் நீளமான வீடியோ ஏற்ற வேண்டும் என்றாலும், முதலில் போன் எண்ணைக் கொடுத்துக் கணக்கை உறுதிசெய்ய வேண்டும். தம்ப்நெயில் 1280-க்கு 720 பிக்சல். வீடும் உங்கள் முகமும் இருந்தால் போதும், எழுத்து நான்கு சொல்லைத் தாண்ட வேண்டாம். டிஸ்க்ரிப்ஷனில் (வீடியோவுக்குக் கீழே வரும் விவரக் குறிப்பு) 0:00 எனத் தொடங்கி, குறைந்தது மூன்று நேரக் குறிப்புகளை, ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையாமல் எழுதினால், வீடியோ அத்தியாயங்களாகப் பிரிந்துவிடும். சமையலறையை மட்டும் மறுபடி பார்க்க நினைப்பவருக்கு அது பெரிய உதவி.

விலையை வாயால் சொல்லாமல் டிஸ்க்ரிப்ஷனில் எழுதுங்கள். ஏற்றிய வீடியோவை வெட்டலாம், மங்கலாக்கலாம், ஆனால் அதே முகவரியில் வேறு வீடியோவை மாற்றி வைக்க யூடியூப் விடாது. விலை குறைந்தாலும் ஏறினாலும் எழுத்தை ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். முதலில், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய 'அன்லிஸ்டட்' என்ற முறையில் ஏற்றி, இணைப்பை உரிமையாளருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகு பொதுவில் விடுங்கள்.

ஷார்ட்ஸும் ரீல்ஸும்

யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் இந்தக் குட்டி வீடியோக்கள் ஆட்களை வாசல் வரை கூட்டி வரும். நம்பி அழைக்கும் முடிவு பெரும்பாலும் நீளமான வீடியோவில்தான் நடக்கிறது. அதனால் தனியாக ரீல்ஸ் எடுக்க அலைய வேண்டாம். நீளமான வீடியோவில் இருந்து ஒரே ஒரு கேள்வியையோ, அந்தக் குழாய்க் காட்சியையோ வெட்டி நெட்டுக்குத்தாகப் போடுங்கள். 2024 அக்டோபர் முதல் யூடியூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம், இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. ஷார்ட்ஸின் டிஸ்க்ரிப்ஷனிலும் கமென்டிலும் போடும் இணைப்புகளை 2023 ஆகஸ்ட் 31 முதல் அழுத்த முடியாது. எண்ணையோ வாட்ஸ்அப் இணைப்பையோ அங்கே போட்டுவிட்டுக் காத்திருக்காமல், 'தொடர்புடைய வீடியோ' என்ற வசதியில் முழு வீடியோவை இணைத்துவிடுங்கள்.

வாரம் ஒரு வீடியோ போதும். நான்கு கேள்விகளை ஒரே நாளில் எடுத்து வைத்தால் மாதம் ஓடிவிடும். உடம்பு சரியில்லாத வாரத்திலும் வரிசை அறுந்துபோகாது.

அழைப்பு வந்த பிறகு

வீடியோவின் முடிவில் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள். அழையுங்கள், ஃபாலோ செய்யுங்கள், ஷேர் செய்யுங்கள் என்று மூன்றைச் சொன்னால் எதுவும் நடக்காது. "உங்கள் பட்ஜெட்டையும் எத்தனை அறை வேண்டும் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்" என்று சொன்னால், வரும் செய்தியே பாதி வேலையை முடித்திருக்கும். வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கில் லேபிள் போடும் வசதி உண்டு. வீடு பார்த்தவர், கடனுக்குக் காத்திருப்பவர், ஆறு மாதம் கழித்து வாங்கப்போகிறவர் என்று பிரித்து வையுங்கள். அந்தக் கடைசிக் கூட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அவர்கள்தான் உங்கள் ஒவ்வொரு வீடியோவையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

வியூஸ் எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளராதீர்கள். ஒரு பகுதியில் வீடு தேடுபவர்கள் சில நூறு பேர் என்றால், உங்கள் வீடியோவுக்குச் சில நூறு பார்வை வருவது நல்ல கணக்கு. அதைவிட, யூடியூப் ஸ்டூடியோவில் எந்த இடத்தில் ஆட்கள் வெளியேறினார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். கோடு சட்டென்று இறங்கும் இடத்தில் நீங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று போய்க் கேளுங்கள். பெரும்பாலும் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

வீடு விற்றுப்போனால் வீடியோவை அழிக்காதீர்கள். தலைப்பின் முன் "விற்றுவிட்டது" என்று சேர்த்து, இப்போது கையில் இருக்கும் வீடுகளின் பிளேலிஸ்ட்டை, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்த கமென்டில் போடுங்கள். வாங்கியவர் இனி அங்கே குடியிருக்கப்போகிறார், அதனால் தன் வீட்டின் உள்பக்கம் இணையத்தில் இருப்பதில் அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் உடனே எடுத்துவிடுங்கள்.

அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எந்த வீடியோவைப் பார்த்தீங்க, அதில் எது பிடிச்சது?" என்று கேட்டு, முதலில் வாட்ஸ்அப் கேள்விகளை எழுதினீர்களே, அதே நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். ஐம்பது அழைப்பு சேர்ந்ததும் உட்கார்ந்து படியுங்கள். அடுத்த பத்து வீடியோக்கள் அதில் இருக்கும்.